தளிச்சேரிப் பெண்டிரின் மானம்



கண்டிக் கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டு இம்மேடையேறிய நான் இலக்கியம் பேசவே வந்தேன். ஆயினும் சென்ற மாதம் இந்நகரத்தில் வேறொரு மேடையில், பெரிய மனிதர் ஒருவர், பெயர் எதற்கு, உங்களுக்கே தெரியும், பாபிலோன் முதல் தஞ்சாவூர் வரை ஆலயங்கள் யாவும் பரத்தையர் விடுதிகளாகவே இருந்தன என்று முழங்கினாராம். பாபிலோனைப்பற்றி அப்படி எழுதிவைத்தவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். அந்நாட்டுக் களிமண் ஏடுகளையே படித்த அறிஞர் பலர் அக்கதைக்கு ஆதாரமில்லை என்று இன்று மறுக்கின்றனர். அந்தக் கிரேக்கராவது அந்நிய தேசத்தைப்பற்றி எழுதினார். இவரோ நம் பாட்டிமாரைப்பற்றிப் பேசுகிறார்!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிற்சேரியில் குடியிருந்த ஆடல் மகளிரை, வருவித்த ராஜராஜன், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள், நக்கன் என்று தொடங்கும் அவள் பெயர் யாது என்று ஒருத்தி விடாமல் கல்லில் வெட்டுவித்து, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் வகுத்து, அவள் இறந்தால் அப்பங்கு அவள் உறவினரைச் சேரவும் விதித்தான். இழிந்தவர்களுக்கா ஒரு சக்கரவர்த்தி இப்படிச் சாசனம் செய்வான்? ஏன், நம் இலங்கையில், 1344இல் தெவிநுவரைக் கோயிலைக் கண்ட பயணி இபின் பதூதா, சந்நிதியில் இரவெல்லாம் ஆடிப்பாடிய பெண்கள் ஐந்நூற்றுவர் என்றல்லவா எழுதிச் சென்றார்!

பின்னே காலம் கெட்டது. மன்னர் ஆதரவு போயிற்று. மிராசுதாரர் கை நீண்டது. பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு என்பது சிறுமியரின் கழுத்துக்குச் சுருக்காயிற்று. அதை மறைப்பவன் நானல்லன். அவ்வேதனையை அறிந்தே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எதிர்த்தார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1947இல் சென்னையில் பொட்டுக்கட்டை ஒழிக்கும் சட்டம் வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் அத்தேவதாசி மரபினரே; மரபு முழுவதையும் இழிவுபடுத்தலாகாதென்று வாதாடியவர் அவர்.

பொட்டைச் சட்டம் அறுத்தது. சலங்கையை நாம் எடுத்துக்கொண்டோம். இவ்வூரில் ஓர் அம்மையார் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபிப்பார். அம்மரபிலே வந்தவர்; நம் பெண்களுக்குத் தட்டுக்கழி தட்டி அடவு பழக்கியவர். அரங்கேற்றத்தன்று பெற்றோர் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்; விருந்திலோ அவ்வம்மையாருக்கு இலை போட்டது பின்கட்டில்! அதை நான் மறக்கமாட்டேன். பாபிலோனைத் தேடிப்போன பெரிய மனிதரும் அப்பந்தியில் இருந்தார்.

பெருமக்களே, அடுத்த அரங்கேற்றத்தில் முதல் மாலையை அவருக்கு அணிவியுங்கள். பந்தியின் முதல் இலையையும் அவருக்கே போடுங்கள்.