உயிலில் ஏழைக்கும் ஒரு வரி



சகோதரன் சொத்தில் பங்கு தரவில்லை என்று முறையிட்டவருக்கு, அறிவற்ற செல்வனின் உவமையை இயேசு சொன்னார். சேர்த்து வைத்ததெல்லாம் யாருக்கு ஆகும்? அதைச் சொல்வதுதான் உயில்.

நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதும் உயில், இறப்புக்கு ஓராண்டு முன்பே எழுதாவிட்டால் செல்லாது என்று சட்டம் இருந்தது. அருட்தந்தை ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

மனைவி, மகன், மகள் பங்கை முதலில் எழுதுங்கள். பெற்றோரைத் தவிக்கவிட்டுத் தரும் காணிக்கையை இயேசு கண்டித்தார். பிறகு, காணி நிலமோ கொஞ்சம் பணமோ, ஏழைப் பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். சொத்துப் பெறுபவர் சாட்சியாக வேண்டாம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பதிவு செய்துவிட்டால் பின்னால் சண்டை குறையும்.

மண்ணுக்குள் போன பிறகும் நம் கை கொடுக்கட்டும். ஆமென்.