உயர்த்திய ஜீப்பும் அதன் ஸ்டியரிங்கும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், மாத்தளைக்கு வடக்கே அமைந்த ஊர் பலாபத்வல. அந்நெடுஞ்சாலையில் செல்வதற்குச் சாதாரண மோட்டார் வண்டியே போதும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் கற்பாதைகளில் ஏறுவோரோ ஜீப்பையும் லாண்ட் ரோவரையும் நாடுவர். பாறையில் அடிவயிறு தட்டாதிருக்க, சிலர் வில்களை மாற்றி வண்டியை உயர்த்துவதும் உண்டு.

வண்டியின் உடல் உயர்கிறது. முன் அச்சோ இருந்த உயரத்திலேயே நிற்கிறது. ஸ்டியரிங் பெட்டி உடலோடு மேலே போய்விட, அதிலிருந்து சக்கரத்தைத் திருப்பச் செல்லும் தண்டு செங்குத்தாகச் சரிகிறது. இதன் தீமை யாது? தரையில் கிடக்கும் கம்பின் ஒரு நுனியைச் சற்றே உயர்த்தினால் மறுநுனி அநேகமாக நகராது. சுவரில் சாய்ந்த ஏணியின் தலையை அவ்வளவே உயர்த்தினால், அதன் கால் வெகுவாக நகரும். அவ்வாறே, சரிந்த தண்டுள்ள வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்போது, சாரதி திருப்பாமலே சக்கரம் திரும்பும். தண்டு பட்டைவில்லில் உரசவும், அதன் முனையிலுள்ள பந்துமூட்டு இறுகி முறியவும் கூடும்.

பரிகாரம் உண்டு. பெட்டியின் கையை மாற்றி, கீழ்நோக்கி வளைந்த கையைப் பூட்டலாம். அல்லது சக்கரத்தின் பக்கத்தில் உயர்ந்த கையைப் பொருத்தித் தண்டை மேலேற்றலாம். சுருள்வில் வண்டிகளில், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு தண்டும் இத்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு குறை நீங்கி மற்றொன்று தோன்றும். மேலேற்றிய தண்டு, வில் அமுங்கும்போது சட்டத்தில் மோதலாம். அதைத் தடுக்க அச்சின் எழுச்சியை வரையறுக்கும் ரப்பர்த் தடையை நீட்ட வேண்டும்.

ஆகவே, வண்டி சமதரையில் நிற்கையில் தெரியும் இடைவெளியை நம்பலாகாது. ஒரு முன்சக்கரத்தை மேடையில் ஏற்றி, மற்றதைத் தாழவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தல் வேண்டும். பின்னர் பக்கத்தை மாற்றியும் சோதிக்க வேண்டும். ஐயமுள்ள இடத்தில் களிமண் உருண்டையை ஒட்டினால், நசுங்கியபின் எஞ்சும் தடிப்பே உண்மையான இடைவெளி. சோதிக்கும்போது தண்டுகளிடையே கை வைத்தலாகாது. பழைய தண்டைச் சூடாக்கி வளைப்பதும், ஒட்டவைத்து நீட்டுவதும் கூடவே கூடாது; நெருப்புப் பட்ட இரும்பு தன் வலிமையை இழந்திருக்கலாம்.

எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். மலைப்பாதையின் வளைவில் ஸ்டியரிங் தண்டு முறிந்தால், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. உயரத்தைக் கூட்டுபவர் முதலில் அந்தத் தண்டின் வழியைக் காப்பாராக.