வெப்பம் அறிந்து குளிர்ப்பி பூட்டுக!
(ஊர்தித் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை)

   

தமிழாசிரியனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். பெயர் மயங்கினால் பொருளும் மயங்கும் என்று காட்டுவதே என் வேலை. பொறியின் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி ஒன்று. கியர் பெட்டி என நீங்கள் வழங்கும் பல்லிணைப்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி மற்றொன்று. இரண்டையும் ‘ஆயில் கூலர்’ என்று ஒரே பெயரால் அழைக்கின்றோம். பெயர் ஒன்றாகவே, ஒன்றற்குரிய குழாயை மற்றொன்றற்குப் பூட்டவும் துணிகின்றோம். அதனால் கெடுவது எண்ணெய் மட்டுமன்று; ஊர்தியும் கெடும்; ஒரு குடும்பத்தின் பிழைப்பும் கெடும். ஆகவே முன்னதைப் பொறியெண்ணெய்க் குளிர்ப்பி என்றும், பின்னதைப் பல்லிணையெண்ணெய்க் குளிர்ப்பி என்றும் பிரித்தே சொல்வோம்.

வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது? கொல்லிமலைச் சாலையை எண்ணிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள்! தானியங்கிப் பல்லிணை கொண்ட மகிழுந்து முழுச் சுமையோடு அதில் ஏறுகின்றது. அதன் முறுக்குமாற்றியினுள் ஒரு சுழலி எண்ணெயைத் தள்ள, அத்தள்ளலால் மற்றொரு சுழலி சுழல்கின்றது. சமநிலத்தில் விரைந்து செல்லும்போது இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாய்ச் சுழலும். மெல்ல ஏறும்போதோ பூட்டு விழுவதில்லை. இடையே வழுக்கல் நேர்கின்றது. வழுக்கலில் இழந்த ஆற்றல் அத்தனையும் எண்ணெயில் வெப்பமாய் இறங்குகின்றது. விரைவு குறைவாதலின் முகப்பில் மோதும் காற்றும் குறைவு. வெப்பம் மிகும், குளிர்ச்சி குறையும். இதுவே இடரின் வேர்.

பல்லிணையெண்ணெய்க்கு 80 முதல் 95 செல்சியசு பாகை வரை ஏற்ற நிலை. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் எண்ணெய் கெடும் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. பொறியெண்ணெய் 90 முதல் 110 பாகை வரை இயல்பாய் இயங்கும்; 130 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் விரைந்து கெடும். ஆனால் மிகு குளிர்ச்சியும் கேடே. போதிய வெப்பம் ஏறாத பொறியெண்ணெயில் ஈரமும் எரிநெய்க் கலப்பும் ஆவியாகாமல் தங்கிவிடும். எனவே, வெப்பம் அறிந்து திறக்கும் அடைப்பிதழ் உள்ள இணைப்பையே பொறிக்குத் தேர்ந்தெடுங்கள்.

குளிர்ப்பி வாங்குமுன் வெப்பமானியால் எண்ணெயின் வெப்பத்தை அளந்து பாருங்கள். இரேடியேட்டர் என்னும் நீர்க்குளிர்ப்பி அடைபட்டிருந்தால் முதலில் அதைச் செப்பனிடுங்கள். இன்னொன்று: கைப்பல்லிணைப் பெட்டியையே கருவியால் மாற்றி இயக்கும் ‘ஏ.எம்.டி.’ வகையில் முறுக்குமாற்றி இல்லை. அங்குச் சூடேறுவது உலர்ந்த கிளட்சுத் தட்டு. எண்ணெய்க் குளிர்ப்பி அதற்கு உதவாது.

வகையால் இவை மூன்று. வளைந்த குழாயில் செதில் கோத்தது ஒன்று. தட்டையான குழாய்த் தகடுகளுக்கிடையே செதில் வைத்தது ஒன்று. தகடுகளை அடுக்கிப் பற்றவைத்தது ஒன்று. ஒரே பரப்பளவில் அடுக்குத் தகடே மிகுதியாய்க் குளிர்விக்கும்.

இனி இணைப்பு முறை. பொறியெண்ணெய்க் குளிர்ப்பியைப் பெரும்பாலும் வடிகட்டிக்கும் பொறிக்கும் இடையே வைக்கும் இணைப்பு வட்டின் வழியே பூட்டுவர். எக்கி தள்ளும் முழு அழுத்தமும் அக்குழாயில் நிற்கும். குளிர்ந்த பொறியைக் கிளப்பும்போது அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 மடங்கையும் தாண்டக்கூடும். ஆகவே 12 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமும், அழுத்தம் தாங்கும் பின்னலும், மரையிட்ட முனையும் உடைய குழாய் வேண்டும். பல்லிணையெண்ணெய்க் குழாயோ பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவினது, அழுத்தமும் குறைவு, அந்த எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர்க் குழாயும் இறுக்கு வளையமும் அதற்குப் போதும். அதே மெல்லிய குழாயைப் பொறிக்குப் பூட்டினால் என்னாகும்? குழாய் கழன்று, கொதிக்கும் எண்ணெய் புகைபோக்கியின்மேல் பீறிடும். தீப்பற்றலாம், எண்ணெய் வற்றிப் பொறியும் இறுகிப் போகலாம்.

தானியங்கி ஊர்திகள் பலவற்றில் பல்லிணையெண்ணெய் நீர்க்குளிர்ப்பியின் பக்கத் தொட்டியினுள் ஓடிக் குளிர்ந்து திரும்பும். நம் போன்ற வெப்ப நாட்டில், கூடுதல் காற்றுக்குளிர்ப்பியை அத்தொட்டிக்குப் பின்னே, பெட்டிக்குத் திரும்பும் வழியில் இணைப்பதே முறை. எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்பதை ஊர்தியின் கையேடு கொண்டு உறுதி செய்யுங்கள். திரும்பிவரும் எண்ணெயே பெட்டியின் உறுப்புகள் பலவற்றை நனைக்கின்றது. ஆதலின் குழாய் நெளிந்து அடைபடக் கூடாது.

குளிர்ப்பியை முகப்பில் காற்றுப் படும் இடத்தில், குழாய் முனைகள் மேலோ பக்கவாட்டிலோ அமையப் பூட்டுங்கள். செதில்களினூடே நெகிழி நாடாவைச் செருகிக் கட்டாதீர்கள். அதிர்வில் உராய்ந்து ஓட்டை விழும். பழுதுற்றுப் பிரித்த பெட்டியின் பழைய குளிர்ப்பியை மீண்டும் மாட்டாதீர்கள்; உள்ளே தங்கிய மாழைத்துகள் புதுப் பெட்டியையும் அரித்துவிடும். பூட்டியபின் எண்ணெய் அளவை நிரப்பிச் சரிபாருங்கள். கசிவு உண்டா என்றும் பாருங்கள். எண்ணெய் பால்கலந்தாற்போல் வெளிறினால் நீர்க்குளிர்ப்பியின் உட்புறம் ஒழுகுகின்றது என்று பொருள். அந்நிலையில் ஊர்தியை ஓட்டவே கூடாது.

தோழர்களே! மலைச்சாலையில் ஓர் ஊர்தியை நம்பிப் பத்து உயிர்கள் ஏறுகின்றன. அவற்றைக் காப்பது உங்கள் கை. அக்கைக்கு வலிமையோடு தெளிவும் வேண்டும். பெயரைத் தெளிந்து சொல்லுங்கள். பொருளைத் தெளிந்து பூட்டுங்கள்.