அப்பத்தாவை அப்பத்தா என்றே அழைக்கட்டும்



"தாத்தா பாட்டியைப் பேரப்பிள்ளைகள் அழைக்க வேண்டியது ஊர் முறைப்படியா, அவரவர் விருப்பப்படியா?" என்று இந்தப் பட்டிமன்றத்துக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள், நடுவர் அவர்களே. ஊர் முறைப்படிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "பாசம்தானே முக்கியம், கூப்பிடுகிற பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு நிறையக் கைதட்டல் வாங்கினார். என்ன இருக்கிறது என்பதை ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துக் காட்டுகிறேன், நடுவர் அவர்களே.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். சித்திரை மாத வெயில், பள்ளிக்கூட விடுமுறை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு வயதான அம்மா நுங்கு நோண்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மகன் வீட்டுப் பிள்ளைகளும் மகள் வீட்டுப் பிள்ளைகளும் முண்டியடிக்கிறார்கள். "அப்பத்தா, எனக்கு!" என்று ஒரு கை நீள்கிறது. "அம்மாச்சி, எனக்கு ரெண்டு!" என்று இன்னொரு கை நீள்கிறது. ஆள் ஒருவர்தான். இரண்டு பெயருக்கும் திரும்புகிறார், இரண்டு கையிலும் வைக்கிறார்.

இப்போது அந்தப் பிள்ளைகளைப் பாருங்கள். அவரை அப்பத்தா என்று அழைக்கிறவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள். அவர்களுக்குள் உடன்பிறந்த முறை. அம்மாச்சி என்று அழைக்கிறவர்கள் எல்லாம் அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகள். அவர்களுக்குள்ளும் உடன்பிறந்த முறைதான். ஒருவன் அப்பத்தா என்கிறான், பக்கத்தில் நிற்கிற ஒருத்தி அம்மாச்சி என்கிறாள் என்றால், அவனுக்கு அவள் அத்தை மகள், அவளுக்கு அவன் மாமன் மகன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. நுங்கு கேட்ட சத்தத்திலேயே அது தெரிந்துகொண்டுவிட்டது.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்று அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். உலகத்து மக்கள் உறவுகளை எப்படி அழைக்கிறார்கள் என்று நாடு நாடாகத் தகவல் திரட்டி, 1871இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். தமிழர் முறையும் அதில் இருக்கிறது. தம் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்த செனிக்கா பழங்குடி மக்களின் முறையும் தமிழர் முறையும் இவ்வளவு ஒத்துப்போகின்றனவே என்று அவர் வியந்தார். அவருக்குப் பின் எத்தனையோ அறிஞர்கள் நம் ஊர்களில் வந்து தங்கி, இந்த உறவுமுறையைக் கட்டம் போட்டு, கோடு போட்டுப் படித்தார்கள். அவர்கள் பல ஆண்டுகள் படித்ததை நம் வீட்டுப் பிள்ளை திண்ணையில் நின்றே கற்றுக்கொள்கிறது. அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் பெண் எடுப்பது இன்று குறைந்துவிட்டது, குறைவது நல்லதுதான். ஆனால் கட்டிக்கொள்வதற்காக மட்டுமா முறை தெரிய வேண்டும்? காது குத்தும்போது யார் மடியில் உட்கார வேண்டும், யார் வீட்டுச் சீர் முதலில் வர வேண்டும், யாரிடம் உரிமையோடு சண்டை போடலாம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

"தாத்தா, பாட்டி என்பதும் தமிழ்ச் சொல்தானே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் காலம் காலமாக இருப்பதுதானே?" என்று எதிரணி கேட்கலாம். சரியான கேள்வி. தலைமுறை தலைமுறையாகத் தாத்தா, பாட்டி என்றே அழைத்துவரும் வீடுகளுக்கு அதுதான் முறை. அந்த வீடுகளோடு எனக்கு வழக்கு இல்லை. அப்பத்தா என்று அழைத்து வளர்ந்த அப்பா, தன் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுகிறாரே, அந்த வீட்டோடுதான் என் வழக்கு.

விட்டால் என்ன ஆகிறது? இரண்டு பாட்டியையும் பிரித்துச் சொல்ல ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அதனால் மதுரைப் பாட்டி, சென்னைப் பாட்டி, மாடி வீட்டுத் தாத்தா, நாய்க்குட்டித் தாத்தா என்று பெயர் வைக்கிறோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கூடவே இருப்பவர் வெறும் பாட்டி ஆகிவிடுகிறார். தள்ளி இருப்பவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டுகிறது. பெரும்பாலும் அது அம்மாவைப் பெற்றவராகத்தான் இருக்கிறார். அம்மாச்சி, அம்மாயி, அம்மம்மா என்ற சொற்கள் தாய்வீட்டுக்கு என்று தனியாக ஓர் இடம் வைத்திருந்தன. அந்த இடத்தை நாம் மதுரைக்குக் கொடுத்துவிட்டோம். நாளைக்கு அந்த மதுரை வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருந்தால் அவர் எந்த ஊர்ப் பாட்டி?

நடுவர் அவர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளையிடம் பேசும்போது 'நான்' என்று சொல்வதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? "அப்பத்தாகிட்ட வா", "அப்பத்தாவுக்கு முழங்கால் வலிக்குதுடா, நீ எடுத்துட்டு வா", "அப்புச்சி வாங்கிட்டு வர்றேன், அழுகாத". தொலைபேசியை எடுத்தவுடனே, "சாமி, அப்பத்தா பேசுறேன்" என்றுதான் தொடங்குவார். முகம் தெரிகிற வீடியோ அழைப்பிலும் அப்படித்தான். திரையில் பாதி நெற்றிதான் தெரியும், குரல் மட்டும் "அப்பத்தா தெரியுறனா?" என்று கேட்கும். பிள்ளை அவரை அழைக்கும் பெயராக மட்டும் அது இல்லை, அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயராகவும் இருக்கிறது.

அந்தத் தலைமுறைப் பெண்களுக்குத் தம் பெயர் என்று எதுதான் நிலைத்தது? பிறந்த வீட்டில் இன்னார் மகள். வந்த வீட்டில் இன்னார் பெண்டாட்டி. பிறகு இன்னாருடைய அம்மா. வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் இருக்கும், கூப்பிட ஆள் இருக்காது. மூத்த பேரன் பிறந்த அன்று அவருக்கு அப்பத்தா என்று ஒரு பட்டம் வந்தது. அவருடைய மாமியாரை எல்லோரும் அழைத்த பெயர் அது. அந்த இடத்தில் உட்கார அவர் அத்தனை வருடம் அடுப்படியில் நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய், "அத்தை, பாப்பா உங்களைக் கிராண்ட்மானு கூப்பிடட்டும், ஸ்கூல்ல ஈஸியா இருக்கும்" என்று சொல்கிறோம். அவர் சிரித்துக்கொண்டு சரி என்பார், மருமகள் மனம் கோணக் கூடாது என்று. அடுத்த நாள் முதல் அந்தக் குழந்தையிடம் பேசும்போது தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறுவார். விருப்பப்படி அழைக்கலாம் என்கிறீர்களே, யாருடைய விருப்பப்படி? அழைக்கப்படுகிறவரிடம் யாராவது கேட்டோமா?

ஈஸி என்பது நாம் சொல்லிக்கொள்கிற காரணம். உண்மைக் காரணம் வெட்கம். வட மாவட்டங்களில் பல வீடுகளில் பாட்டிக்கு ஆயா என்று பெயர். செட்டிநாட்டில் அம்மாவைப் பெற்றவர் ஆயா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அம்மாவுக்கும் அதே பெயர் வந்தது. உடனே நம்மில் பலர் வீட்டு ஆயாவைப் பாட்டியாக மாற்றினோம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை, "எங்க ஆயா வந்திருக்காங்க" என்று சொன்னால் வேலைக்காரி என்று நினைத்துவிடுவார்களாம். நினைத்தால் என்ன? நம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, பத்திரமாக வண்டி ஏற்றிவிடுகிற அந்த அம்மாவோடு ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வது நம் வீட்டுப் பெரியவருக்கு இழுக்கா? பெற்ற பாட்டியின் பெயரைப் பள்ளிக்கூட வாசலில் மறைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு ஊரை மறைக்கும், தகப்பன் செய்த தொழிலையும் மறைக்கும். இதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

இந்தப் பெயர்கள் பிள்ளைகள் வாயில் நுழையாது என்றும் எதிரணியினர் சொன்னார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிறந்து வளரும் ஈழத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். முழு வாக்கியமாகத் தமிழ் பேச வராத பிள்ளைகூட அம்மம்மா, அப்பப்பா என்று தெளிவாகச் சொல்கிறது. டொராண்டோவில் வருவது தாம்பரத்தில் ஏன் வராது? குழந்தைக்கு முதலில் வரும் ஓசைகளே மா, பா, தா என்பவைதான். அவற்றைக் கொண்டுதான் இந்தப் பெயர்களில் பலவும் இருக்கின்றன. பிள்ளை அம்மாச்சியை மாச்சி ஆக்கினால் ஆக்கட்டும், வளர வளர சரியாகிவிடும்.

எதிரணித் தம்பி கேட்டதுதான் இன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே கனமான கேள்வி. "இந்தச் சொற்களைக் கேட்டால் சாதி தெரிந்துவிடுகிறதே?" என்றார். தட்டிக்கழிக்க மாட்டேன். சில சொற்களில் அந்த வாடை உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் முதலில் தெரிவது ஊர். தென் மாவட்டங்களில் அப்பத்தா என்ற பெயர் எத்தனையோ சமூகங்களின் வீட்டில் இருக்கிறது. ஆச்சி என்றால் திருநெல்வேலியில் பாட்டி, யாழ்ப்பாணத்திலும் பாட்டி, செட்டிநாட்டில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் பெயர். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமாவைத் தமிழ்நாடே ஆச்சி என்று அழைத்தது. கொங்கு நாட்டில் அப்பாரு, அப்புச்சி, அமுச்சி. நாகர்கோவில் பக்கம் தாத்தா பாட்டா ஆகிறார். இஸ்லாமியர் வீடுகளில் நன்னா, நன்னி, உம்மம்மா. இவற்றை எல்லாம் அழித்துவிட்டு ஒரே சொல்லாக்கினால் சாதி போய்விடுமா? சாதி கேட்க நினைப்பவன் வேறு வழியில் கேட்பான். அவனுக்குப் பயந்து நாம் ஏன் பாட்டியின் பெயரை விட வேண்டும்?

சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட வீடுகளைப் பற்றித் தம்பி பேசினார். நானும் அந்த வீடுகளைப் பற்றியே சொல்கிறேன். பெற்றவர்கள் கோபித்துக்கொண்டு வருடக்கணக்கில் வாசல் மிதிக்காமல் இருப்பார்கள். பேத்தி பிறந்த செய்தி போகும். ஒரு நாள் அந்த அம்மா தனியாகப் பஸ் ஏறி வந்து நிற்பார். மகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். நேரே தொட்டிலுக்குப் போய்க் குனிந்து, "அம்மாச்சி வந்துருக்கேன் தாயி" என்பார். அந்த ஒரு பெயரைத் தன் வாயால் சொன்னதோடு பிணக்கு தீர்ந்தது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாமல், மன்னிக்கவும் தெரியாமல் நின்ற ஒரு தாய்க்கு உள்ளே வர அந்தப் பெயர்தான் வழி விட்டது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் அம்மாச்சி, மறுபக்கம் அப்பாரு என்று இரண்டு ஊர்ப் பெயரும் கிடைக்கட்டும். இரண்டும் அதனுடையவைதான்.

பாட்டி என்று கூப்பிட்டால் வயதாகிவிட்டதுபோல் இருக்கிறது என்று சில தாய்மார்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முறைக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. பங்காளி வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பத்து வயதுச் சிறுவன் முறைக்குத் தாத்தாவாக இருப்பான், மீசை முளைத்த பேரன் அவனுக்குக் கட்டுப்படுவான்.

ஒரு மரணத்தையும் சொல்லியாக வேண்டும், நடுவர் அவர்களே. எங்கள் பக்கம் முறை சொல்லித்தான் அழுவார்கள். தலைமாட்டில் உட்காரும் பெண் யார், அவளுக்கும் போனவருக்கும் என்ன உறவு என்பது அவள் வாய்விட்டு அழைக்கும் பெயரில்தான் இருக்கும். பேரப்பிள்ளைகள் வரிசையாக நெய்ப்பந்தம் பிடித்து நிற்பார்கள். நகரத்திலிருந்து வந்த பேத்தி ஒருத்தி, துக்கம் நெஞ்சை அடைக்க நிற்கிறாள். பாசத்துக்கு அவளிடம் குறைவே இல்லை. ஆனால் பக்கத்தில் எல்லோரும் அப்பத்தா என்று கதறுகிறபோது, தனக்கு மட்டும் பழகிய ஏதோ ஒரு செல்லப் பெயரைச் சொல்லி அவளால் அழ முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றுவிடுகிறாள். அப்படி ஓரமாக நின்றது அவள் தப்பு இல்லை. சொல்லிக் கொடுக்காமல் விட்டவர்கள் தப்பு.

கரிசல் காட்டுச் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தார். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்தார். அவர்கள் செய்தது பெரிய தொண்டு. ஆனால் அப்பத்தா என்ற பெயர் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது. அதைச் சொல்லி அழைக்க ஒரு பிள்ளை வேண்டும்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் தாய் தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள்: "உங்க அப்பாவோட அம்மாவ நீங்க என்னனு கூப்பிட்டீங்க? உங்க அம்மாவோட அம்மாவ என்னனு கூப்பிட்டீங்க?" அவர்கள் சொல்லும் பெயரை நாளைக் காலையிலிருந்து உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.