கலிலியோவை ஏன் எரித்தார்கள்?

2003 செப்டம்பர் 21. கிட்டத்தட்ட எட்டு வருஷமா வியாழனைச் சுற்றிவந்த கலிலியோ விண்கலத்தை, நாசாவே அந்தக் கோளுக்குள்ள விழவச்சு எரிச்சாங்க. பழுதாகி விழல. வேணும்னேதான் செஞ்சாங்க.

காரணம், கலிலியோவே கண்டுபிடிச்ச ஒரு விஷயம். வியாழனுக்கு யூரோப்பான்னு ஒரு நிலா. மேல முழுக்கப் பனிக்கட்டி. அதுக்கு அடியில உப்புக் கடல் இருக்கலாம்னு கலிலியோவோட காந்தமானி காட்டுச்சு. கடல்னா அங்கே உயிர் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா 1989-ல கிளம்பும்போது இந்த ஆதாரம் கையில இல்லை. செவ்வாய்க்குப் போன வைக்கிங் லேண்டர்களை 1975-ல 110 டிகிரி செல்சியஸுக்கு மேல, ஒரு நாளுக்கும் அதிகமா அப்படியே சூடாக்கி அனுப்பினாங்க. கலிலியோவுக்கு அந்த மாதிரி எதுவும் செய்யலை. எரிபொருள் தீர்ந்தா கட்டுப்பாடு போயிடும். என்னைக்காவது யூரோப்பா மேல மோதலாம். அதுல பூமியோட பாக்டீரியா ஒட்டிக்கிட்டு இருந்தா?

அவ்வளவு கதிர்வீச்சுல அதெல்லாம் செத்துடாதான்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். பெரும்பாலானவை செத்துடும். ஆனா சில பாக்டீரியாக்கள் கெட்டியான உறை போட்ட ஸ்போரா மாறி, சாப்பாடு தண்ணி இல்லாம வருஷக்கணக்கா கிடக்கும். டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ்னு ஒரு பாக்டீரியா. அதை முதல்ல கண்டுபிடிச்சதே ஃப்ளோரிடாவிலயும் பிரெஞ்சு கயானாவிலயும் விண்கலம் தயாராகிற கிளீன் ரூம்லதான்! அவ்வளவு துடைச்சும் பிழைச்சிருக்கு.

அங்கே உயிர் இருந்தா அதை நாம அழிச்சிடுவோமேங்கிறது ஒரு பயம். எனக்கு இன்னொரு பயமும் உண்டு. காய்ச்சின பால்ல யாருக்கும் தெரியாம ஒரு சொட்டு மோர் விழுந்துடுச்சுன்னு வைங்க. காலைல பால் புளிச்சிருக்கும். அதுவா கெட்டுச்சா, மோர் செஞ்ச வேலையான்னு எப்படிச் சொல்வீங்க? யூரோப்பாவில நாளைக்கு ஒரு பாக்டீரியா கிடைச்சா அதே குழப்பம்தான்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தோட 9-வது பிரிவு, பிற கோள்களைத் தீங்கு வரும்படி மாசுபடுத்தக் கூடாதுன்னு சொல்லுது. அதுக்கான விதிமுறைகளை காஸ்பார் என்ற சர்வதேச அறிவியல் அமைப்பு வகுக்குது. யூரோப்பாவின் கடலை மாசுபடுத்துற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழே இருக்கணும்.

2024 அக்டோபர்ல கிளம்பின யூரோப்பா கிளிப்பர் இந்தக் கணக்கோடதான் போய்க்கிட்டிருக்கு. 2030-ல வியாழனைச் சேரணும். வேலை முடிஞ்சதும் அதைக் கானிமீட்ங்கிற இன்னொரு நிலாவுல மோதவிடலாம்னு திட்டம். கானிமீடுக்கு அடியிலயும் கடல் இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா அங்கே பனி ரொம்பவே தடிமன்.