உயிர் இறாலை நலமுடன் கொண்டு சேர்ப்போம்
(வள்ளூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் உழவியல் கற்பிப்பவன். நாற்றைப் பறித்து நடவு வயலுக்குக் கொண்டு செல்வதில் எத்தனை கவனம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இறால் குஞ்சும் அப்படித்தான். மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகங்களில் வாங்கும் குஞ்சு சென்னையைக் கடந்து, எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காத்துக் கிடந்து இங்கு வந்து சேர வேண்டும்.

ஒரு முறை வந்த பைகளை அவிழ்த்து, நேரே குளத்தில் கொட்டும்போது நானும் உடனிருந்தேன். தடுக்கவில்லை. மறுநாள் காலையில் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கியதைப் பார்த்த அந்த விவசாயி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. குஞ்சு வழியில் சாகவில்லை. வந்த பிறகுதான் செத்தது.

காரணம் என்ன? மூடிய பையில் குஞ்சு விடும் மூச்சால் கரியமிலவாயு சேர்ந்து நீர் புளிப்பாகிறது. அந்நிலையில் கழிவான அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேற, அதே அம்மோனியா கடும் நஞ்சாகிறது. இதோடு சூடும் உப்பும் திடீரென மாறினால் குஞ்சு எப்படித் தாங்கும்?

ஆகவே செய்ய வேண்டியவை:

1. உங்கள் குளத்து உப்பின் அளவை முன்கூட்டியே பொரிப்பகத்திற்குச் சொல்லி, அங்கேயே சிறிது சிறிதாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். இங்கு செய்தால் பை திறந்திருக்கும் நேரம் நீளும்.

2. பையில் ஒரு பங்கு நீர், இரு பங்கு பிராணவாயு இருக்கட்டும். லிட்டருக்கு 500 முதல் 1000 குஞ்சு போதும். பயணம் நீண்டால் குறையுங்கள்.

3. நீரை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை மெல்லக் குளிர்வித்து, தெர்மோகோல் பெட்டியில் வைத்து இரவில் புறப்படுங்கள். லாரி நெரிசலும் வெயிலும் இரண்டுமே குறையும்.

4. வழியில் கழிமுக நீரை மாற்றி ஊற்றாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் மறக்கலாமா?

5. வந்ததும் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள். திறந்தவுடன் தாமதமின்றிக் குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குஞ்சு தானே நீந்தி வெளியேற விடுங்கள்.

6. எண்ணி 100 குஞ்சுகளைக் குளத்திலேயே ஒரு துணித் தொட்டிலில் விட்டு, இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். பிழைத்தது எத்தனை என்பது அப்போது தெரியும். தீனியையும் அதற்கேற்ப அளக்கலாம்.

வளர்ந்த இறாலை உயிரோடு விற்க நினைப்போர், முதல் நாளே தீனியை நிறுத்துங்கள். தோலுரித்து மென்மையாக இருப்பவற்றை ஒதுக்குங்கள். பனிக்கட்டியை நேரே நீரில் போடாமல் பையில் கட்டிப் போடுங்கள். உருகினால் உப்பு குறைந்துவிடும். செத்ததை உடனே எடுத்துச் சம எடை பனிக்கட்டியில் வையுங்கள். தாமதித்தால் தலை கறுத்து விலை விழும்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவில்லை, பொறுமைதான் வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் அவசரப்படாதீர்கள். ஒரு பருவத்து உழைப்பு அந்த ஒரு மணியில்தான் இருக்கிறது.