குரூப் போட்டோ எடுக்கப் போகும் முன்…



செல்போனும் கையுமாக நிற்கும் தம்பி, தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. முதலில் லென்ஸைத் துடையுங்கப்பா! எல்லோரும் அடங்கவில்லையே என்று 0.5-ஐத் தொடாதீர்கள். பழைய பிலிம் கேமரா கணக்கில் அது ஏறக்குறைய 13 மி.மீ. லென்ஸ். ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டு, வீட்டாருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பத்தடி பின்னால் போய் 1-லேயே எடுங்கள்; இரு பக்கமும் இடம் விடுங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் கூச்சக்காரர்கள். எங்கள் வகுப்பில் மறைந்த இருவருக்கு, அப்படி ஓரத்தில் நின்ற படம்தான் மிச்சம்.

மலருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும்.

மரத்தடி வேண்டாம், முகமெல்லாம் வெயில் புள்ளி விழும். போர்டிகோ நிழல் போதும். வாங்க, போகலாம்!